நீலப் பொட்டை அழிக்காதீங்க

இன்னைக்கு சாயந்திரம் திருநீர்மலைக்குப் பின்னாடி இருக்கிற கல்மேட்டுல ஜெயவேலுன்னு ஒருத்தரைப் பார்த்தேன். பெயிண்டர். வயசு முப்பத்தெட்டு. அவரைத் திட்டணும்னுதான் போனேன். இப்போ தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்ஃபார்ம்ல உக்காந்து இதை டைப் பண்ணிட்டிருக்கேன். செங்கல்பட்டு வண்டி ரெண்டை விட்டாச்சு. வேகமா அடிக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க. நாளைக்குக் காலைல ஆறு மணிக்குள்ள இதை நிறைய பேர் படிச்சாகணும். ஏன்னு சொல்றேன்.

தெரியாதவங்களுக்கு மொதல்ல ஒண்ணு. போல்டரிங்னு ஒரு விளையாட்டு இருக்கு. கயிறு கிடையாது. ரெண்டு ஆள் உயரப் பாறையில வெறும் கையும் காலும் வெச்சு ஏறணும். கீழ ஒரு தடி மெத்தை போட்டுப்போம், விழுந்தா அது மேல விழணும். நான் காட்டாங்குளத்தூர்ல இருக்கேன், ரெண்டு வருஷமா ஒரு குரூப்போட சேர்ந்து ஏறுறேன். பைத்தியம்னு வெச்சுக்கோங்க.

இதுல எங்களுக்கு ஒரே எதிரி மழை. ஐப்பசி வந்தா போச்சு. பாறை நனைஞ்சா சோப்பு தடவின மாதிரி ஆயிடும். அதனால மழையில நனையாத பாறை எங்க இருக்குன்னு தேடுறதுதான் இந்த ஊர்ல ஏறுறவங்களோட பெரிய வேலை. குடை மாதிரி முன்னாடி துருத்திக்கிட்டு இருக்கிற பாறையா பார்க்கணும். எங்க குரூப்புகிட்ட அப்படி எட்டு பாறை இருக்கு. திருநீர்மலை பக்கம், பம்மல் பக்கம், பல்லாவரம் பக்கம், மாடம்பாக்கம் பக்கம், வண்டலூர் பக்கம். எட்டையும் மேப்ல குறிச்சு, பக்கத்துல சின்னதா குடை படம் போட்டு, "ஆல்வேஸ் ட்ரை"ன்னு, அதாவது எப்பவும் காஞ்சிருக்கும்னு எழுதி வெச்சிருக்கோம். அந்த மேப் மேல எங்களுக்கு அவ்ளோ பெருமை. நாளைக்கு ஞாயித்துக்கிழமை மழைக்கால மீட் வேற. நாப்பது பேர் வர்றாங்க. டி-ஷர்ட்லாம் அடிச்சாச்சு.

ரெண்டு மாசமா அந்த எட்டுல மூணு பாறையில மட்டும் யாரோ பெயிண்ட் வெச்சுட்டுப் போறாங்க. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நீலப் பொட்டு, அதுவும் கரெக்டா நாங்க கை வைக்கிற இடத்துல. பாறையில பெயிண்ட் வைக்கிறது எங்களுக்கெல்லாம் பெரிய பாவம். குரூப்ல ஒரே கொந்தளிப்பு. "லோக்கல் ஆளுங்க வேலை", "போலீஸ்ல சொல்லலாம்"னு எல்லாம் பேசினாங்க. மீட்டுக்கு முன்னாடி யாராவது போய் சுத்தம் பண்ணணும்னு முகிலன் கேட்டான். அவன்தான் குரூப் அட்மின். நான் ஒடனே கை தூக்கிட்டேன்.

இன்னைக்கு மத்தியானம் கம்பி பிரஷ்ஷும் ரெண்டு பாட்டில் தண்ணியுமா கிளம்பினேன். மொத ரெண்டு பாறையையும் நல்லா தேய்ச்சு, தேய்க்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோன்னு குரூப்ல போட்டேன். ஹார்ட்டு ஹார்ட்டா வந்து விழுந்துச்சு. மூணாவது, திருநீர்மலைப் பாறை. மேப்ல அதுக்குப் பேரு "அம்ப்ரெல்லா". அங்க போனா ஒரு ஆளு குத்துக்கால் போட்டு உக்காந்து, சின்ன டப்பாவுல பிரஷ்ஷைத் தொட்டுட்டிருந்தாரு.

வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம்.

"அண்ணா, என்ன பண்றீங்க நீங்க? அசிங்கமா இல்ல?"

அவரு திரும்பி என் மூஞ்சியைப் பார்க்கல. கையில இருந்த கம்பி பிரஷ்ஷைப் பார்த்தாரு.

"ஓ, நீதானா அது?"

"எது?"

"அந்த ரெண்டு பாறைக்கும் பல்லு வெளக்கி வுட்டது."

"ஆமா, நான்தான். நீங்க பண்றது தப்பு. பாறையை நாசம் பண்றீங்க."

"சரி, தப்பு. நீ அழிச்சியே, எத்தினி பொட்டு இருந்துச்சு அதுல? சொல்லு."

எனக்குத் தெரியல. எண்ணவே இல்ல. "மூணோ நாலோ"ன்னு இழுத்தேன்.

"ஒண்ணுல ரெண்டு, இன்னொண்ணுல ஒண்ணு. வெச்சவனுக்குத்தான் தெரியும்." டப்பாவை மூடி வெச்சாரு. "உக்காரும்மா. நின்னுகினு கத்துனா கழுத்துதான் வலிக்கும்."

உக்காந்தேன். ஒண்ணரை மணி நேரம் எந்திரிக்கல.

ஜெயவேலு அண்ணாவுக்குச் சொந்த ஊரு கடப்பேரி. பத்தாவதோட படிப்பு நின்னுச்சு. பதினேழு வயசுல சுவத்துக்குப் பட்டி தேய்க்கப் போனவரு, இருபத்திரெண்டுல கயித்துல ஏறிட்டாரு. அபார்ட்மென்ட்டுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிக்கிறாங்கல்ல, மொட்டை மாடியில இருந்து ரெண்டு கயிறு விட்டு, நடுவுல ஒரு பலகை கட்டி, அதுல உக்காந்துக்கிட்டு. அந்தப் பலகையை ஜூலான்னு சொல்வாங்க. பன்னெண்டு மாடி, பதினாலு மாடின்னு ஜி.எஸ்.டி ரோடு முழுக்கத் தொங்கியிருக்காரு. மேல மாடியில கயித்து முடிச்சைப் பார்த்துக்க ஒரு ஆள் நிக்கணும். அவருக்கு நின்னது இர்ஃபான். தாம்பரம் மார்க்கெட்ல பேக் கடை வெச்சிருக்கிற குடும்பம். கடையில உக்கார பிடிக்காம இவரோட வந்துட்டாரு. பதிமூணு வருஷம் அந்த ஜோடி பிரியவே இல்ல.

"அவனை நம்பி தொங்கும்போது நான் மேல பார்த்ததே கெடையாது. தூக்கம் வந்தா தூங்கியே இருப்பேன், பார்த்துக்கோ."

இவங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது. வெளிச்சுவர் வேலைக்கு மழை வந்தா மட்டும்தான் லீவு. இந்தக் கதையில எல்லாமே அதுலதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஒம்போது வருஷம் முன்னாடி ஒரு மழை நாள்ல வேலை நின்னு ரெண்டு பேரும் திரும்பி வந்துட்டிருந்தப்போ வண்டி ஆஃப் ஆயிடுச்சு. ஒதுங்க இடம் தேடி இந்தப் பாறைக்குக் கீழ வந்தாங்க. சொட்டு தண்ணி இல்ல. டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட உக்காந்தாங்க. இர்ஃபானுக்கு அவர் வீட்டம்மா சித்திகா ஒரு அவிச்ச முட்டை வெச்சு அனுப்பியிருந்தாங்க. மேல பாறையில ஒரு வெடிப்பு இருக்கு, வாய் பொளந்த மாதிரி. இர்ஃபான் அதைக் காட்டி, "மச்சான், ஏறி அந்த வாயைத் தொட்டுடு, முட்டை உனக்கு"ன்னாராம்.

"தொட்டீங்களா?"

"எங்க தொடறது? பொத்து பொத்துன்னு வுழுந்தேன். அவன் என் மூஞ்சிக்கு நேரா அந்த முட்டையை அவ்ளோ பொறுமையா துன்னான். அப்புறம் மழை வந்தா போதும், வண்டியை எடுத்துக்கினு இங்க வந்துடுவோம். டிசம்பர் கடைசியிலதான் தொட்டேன். அன்னிக்கின்னு பார்த்து சித்திகா முட்டை வெக்கல."

அதனால அவங்க ரெண்டு பேருக்கும் இது முட்டைப் பாறை. இப்படி ஒரு விளையாட்டு உலகத்துல இருக்குன்னோ, அதுக்குன்னு ஷூ விக்கிறாங்கன்னோ அவங்களுக்குத் தெரியாது. வெறுங்காலோட ஏறினாங்க. மழை நாள்ல மட்டும். மழை நாள்ல ஏறணும்னா காஞ்ச பாறை வேணும். தேட ஆரம்பிச்சாங்க. கொட்டுற மழையில வண்டியை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு கல்மேடா, கைவிட்ட குவாரியா சுத்தினாங்க.

ஏன் அண்ணா இந்தப் பைத்தியம்னு கேட்டேன். எனக்கு வேற பதில் கிடைக்கும்னு நெனைச்சேன். "வேலையில நான் மேல இருந்து கீழதாம்மா வருவேன். லிஃப்ட்ல ஏத்தி வுடுவானுங்க, அடிச்சுகினே எறங்கணும். பதினாறு வருஷமா எறங்கிகினே கீறேன். இங்கதான் ஏறுனேன்"னு சொல்லிட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு.

ஒரு பாறை மழையில நனையுமா நனையாதான்னு கண்டுபிடிக்க அவருகிட்ட ஒரு வழி இருந்துச்சு. குழியானை. சின்ன வயசுல புழுதியில புனல் மாதிரி குட்டிக் குட்டிக் குழியா பார்த்திருப்போமே, உள்ள ஒரு பூச்சி ஒளிஞ்சிருக்கும், எறும்பு விழுந்தா பிடிக்கும். ஒரு சொட்டு தண்ணி பட்டா அந்தக் குழி காலி. பாறைக்குக் கீழ குழியானைக் குழி இருந்தா அங்க மழை எட்டிப் பார்த்ததே இல்லன்னு அர்த்தம். எவ்ளோ அழகு பாருங்க. எங்க குரூப்ல ட்ரோன் விட்டுத் தேடறாங்க. இவங்க ரெண்டு பேரும் குனிஞ்சு புழுதியைப் பார்த்தே எட்டு பாறையைக் கண்டுபிடிச்சிருக்காங்க.

ஆமா. எட்டு. அதே எட்டுதான்.

நாலு வருஷம் முன்னாடி எங்க குரூப் ஆளுங்க இங்க வந்திருக்காங்க. மெத்தையை முதுகுல மாட்டிக்கிட்டு. அதைப் பார்த்து இர்ஃபான், "இன்னா மச்சான், வூட்ட வுட்டு தொரத்திட்டாங்களா இவனுங்கள? படுக்கையோட வர்றானுங்க"ன்னு சிரிச்சிருக்காரு. முகிலன்தான் வந்து பேசியிருக்கான். அண்ணா அண்ணான்னு ஒட்டிக்கிட்டான். பழைய ஷூ ஒரு ஜோடி குடுத்தான், குரூப்ல ரெண்டு பேரையும் சேர்த்துவிட்டான். ரெண்டு மழைக்காலம், தன்னோட லீவு நாளையெல்லாம் போட்டு, எட்டு பாறையையும் ஜெயவேலு அண்ணா கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்காரு. முகிலன் போன்ல குறிச்சுக்கிட்டே வந்திருக்கான். முட்டைப் பாறை அம்ப்ரெல்லா ஆச்சு. பீடிப் பாறை மான்சூன் கேவ் ஆச்சு. மேப்புக்குக் கீழ என்ன எழுதியிருக்கோம் தெரியுமா? "எங்கள் டீம் கண்டுபிடித்தவை."

ரெண்டு வருஷமா அந்த மேப்பைப் பார்த்துட்டிருக்கேன். அவர் பேரை ஒரு தடவை கூட நான் கேட்டதில்ல.

"உங்களுக்குக் கோவம் வரலையா?"

"பாறையை நான் செஞ்சனா இன்னா? பேருல இன்னாம்மா கீது. அந்த குடை படம் போட்டு எழுதினு கீறீங்க பாரு, எப்பவும் காஞ்சிருக்கும்னு. அதுதான் பேஜாரு."

இனிமேல்தான் விஷயமே.

போன வருஷம் நவம்பர். மாடம்பாக்கத்துல ஒரு அபார்ட்மென்ட்ல வேலை. ரெண்டு நாள் மழை, அப்புறம் நின்னு நல்ல வெயில். மழை நின்ன மூணாவது நாள், நாலாவது மாடியில ஒரு கிரகப்பிரவேசம். விருந்தாளிங்க வர்ற நேரத்துல ஜன்னலுக்கு வெளிய ஆளு தொங்கக் கூடாதுன்னு அசோசியேஷன்காரங்க வேலையை நிறுத்திட்டாங்க. அத்தனை வருஷத்துல மொத தடவையா வெயில் நாள்ல ரெண்டு பேருக்கும் லீவு.

எங்க போவாங்க? இங்கதான்.

இர்ஃபான் மட்டும், "மச்சான், மழை இப்பதான நின்னுச்சு, ஈரம் கீரம் இருக்கப் போவுது"ன்னு கேட்டிருக்காரு. அதுக்கு ஜெயவேலு அண்ணா சொன்னது: "மழையிலயே காஞ்சினு கீற பாறை. வெயில்ல கேக்கணுமாடா?"

கீழ குழியானைக் குழி எல்லாம் அப்படியே இருந்துச்சாம். பார்த்துட்டுதான் ஏறச் சொன்னாராம்.

இர்ஃபான் ஏறி, அந்த வாய் வெடிப்புக்குள்ள கையை விட்டு, மொத்த உடம்பையும் அதுல தொங்க விட்டாரு. உள்ள தண்ணி ஊறி நின்னிருக்கு. வெளிய ஒரு சொட்டு வழியல, உள்ளேயே நின்னிருக்கு. வழுக்கினப்போ கத்தக்கூட நேரம் இல்லையாம். பாறைக்கு இடதுபக்கம் குவாரிக்காரங்க வெட்டி விட்டுப்போன ஒரு கல் விளிம்பு இருக்கு. குதிகால் நேரா அதுல இறங்கிடுச்சு. எலும்பு பல துண்டா உடைஞ்சுபோச்சுன்னு டாக்டர் சொன்னாராம்.

"அவனைத் தூக்கும்போது பார்க்கிறேன்மா. பக்கத்துலயே குழியானைக் குழி, ஒண்ணுகூட கலையாம கீது. ஒரு சொட்டு ஈரம் இல்ல புழுதியில."

மழைத் தண்ணி மலை மேல மண்ணுல இறங்கி, உள்வெடிப்பு வழியா மெல்ல மெல்ல வந்து, மழை நின்ன மூணாவது நாள்தான் இங்க வந்து சேருது. அஞ்சாவது ஆறாவது நாள் வரைக்கும் நிக்குது. மழை பெய்யும்போது இந்தப் பாறையை விடப் பத்திரமான பாறை இல்ல. மழை நின்னு, வெயிலடிச்சு, எல்லாம் காஞ்சுபோச்சுன்னு நாம கிளம்பி வர்ற அன்னைக்குத்தான் இது ஆளைத் தள்ளும். மழை நாள்ல மட்டுமே வந்தவரு அதை எப்படிப் பார்த்திருக்க முடியும்?

நான் இதைத்தான் சொன்னேன், உங்க மேல தப்பு இல்லண்ணான்னு. அதுக்கு அவர் சொன்னது இன்னும் காதுலயே இருக்கு.

"நான் பெயிண்டரும்மா. வூட்டுக்காரங்க எல்லாரும் மழை நின்ன மறுநாளே அடின்னு நிப்பாங்க. நான்தான் சொல்வேன், சார், செவுரு வெளிய காஞ்சாப்ல இருக்கும், உள்ள ஓதம் மூணு நாள் கழிச்சுதான் வரும், பொறுங்கன்னு. எவன் கேக்கறான், மறுநாளே கயித்துல ஏத்தி வுட்டுடுவானுங்க. இருபது வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லினு கீறேன். செவுத்துக்குத் தெரிஞ்சது பாறைக்குத் தோணலயே எனக்கு."

கையில இருந்த கம்பி பிரஷ்ஷை பைக்குள்ள போட்டேன்.

இர்ஃபான் இப்போ மார்க்கெட் கடையில உக்காந்து பேக்குக்கு ஜிப் தைக்கிறாரு. எந்தக் கடையில உக்கார மாட்டேன்னு ஓடி வந்தாரோ அதே கடை. அரை மணி நேரத்துக்கு மேல நிக்க முடியாது, அதனால மாடியில கயிறு பார்க்கிற வேலை போச்சு. ஜெயவேலு அண்ணாவுக்கு மேல இப்போ வேற ஆளு. நல்ல ஆளுதானாம். ஆனா அண்ணா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி மேல பார்க்கிறாராம், கழுத்து பிடிச்சுக்குதாம். இர்ஃபான் வீட்டுக்குப் போனா சித்திகா கதவைத் திறந்துவிட்டு உள்ள போயிடுவாங்களாம். கரெக்டா டீ வரும். பேச்சு வராது. ஒரு வருஷமா அப்படித்தான்.

அப்புறம் ஜெயவேலு அண்ணா பண்ணது. மொதல்ல எங்க குரூப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. முட்டைப் பாறை வெடிப்பு மூணாவது நாள் ஊறுது, மேப்ல எழுதுங்கன்னு. முகிலன் கும்பிடு போட்டு "நோட்டட் அண்ணா"ன்னு போட்டானாம். எழுதல. திரும்பப் போட்டாரு. "ட்ரெய்னிங் இல்லாதவங்க விழறது சகஜம், பாறை என்ன பண்ணும்"னு ஒருத்தர் எழுதியிருக்காரு. மூணாவது தடவை போட்டப்போ, ஆக்டிவா இல்லாத மெம்பர்ஸை எடுக்கிறோம்னு சொல்லி அவரை எடுத்துட்டாங்க. ரெண்டு வருஷம் நம்மளைக் கூட்டிட்டு அலைஞ்சவரை. நானும் அதே குரூப்லதான் இருந்தேன், அந்த மெசேஜ் ஒண்ணையும் திறந்துகூட பார்த்ததில்ல.

அதுக்கப்புறம் அவரு வெயில் நாள்ல வேலைக்கு லீவு போட ஆரம்பிச்சாரு. ஒவ்வொரு மழைக்கும் ரெண்டாவது நாள், மூணாவது நாள், நாலாவது நாள்னு எட்டு பாறைக்கும் போய், ஏணி வெச்சு ஏறி, ஒவ்வொரு பிடியிலயும் விரலை விட்டுப் பார்த்திருக்காரு. எட்டுல அஞ்சு எப்பவுமே காஞ்சிருக்கு. மூணுல உள்ள ஊறுது. ஊறுற பிடிக்குப் பக்கத்துல மட்டும் ஒரு பொட்டு. மாடம்பாக்கம் அபார்ட்மென்ட் பால்கனிக்கு அடிச்சு மீந்த நீலம்.

அந்த மூணுல ரெண்டு பாறையோட பொட்டைத்தான் நான் இன்னைக்குத் தேய்ச்சு எடுத்து, போட்டோ போட்டு, ஹார்ட் வாங்கினேன்.

"நாளைக்கு மீட்டு இருக்குன்னு உங்களுக்கு யாருண்ணா சொன்னது?"

"இர்ஃபான்தான். அவன் இன்னும் உங்க குரூப்லதான் கீறான். அவனை எடுக்க மறந்துட்டானுங்க." போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சாரு.

"இன்னா மச்சான், பாறைக்கு பொட்டு வெச்சு முடிச்சியா? பூ வாங்கியாரட்டா?" மிஷின் சத்தத்துக்கு நடுவுல அந்தக் குரல்.

"டேய், அந்த குரூப் பொண்ணு கீது இங்க. போட்டோ போட்டுச்சே, அது."

ஒரு நிமிஷம் மிஷின் நின்னுச்சு. "சிஸ்டர், நல்லா தேய்ச்சிருந்தீங்க. நம்ம கடைக்கு வாங்க, ஷட்டர்ல துரு கீது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. சாரி சொன்னேன். "உங்க எக்ஸ்ரேவை குரூப்ல போடுங்கண்ணா, அப்பவாவது நம்புவாங்க"ன்னேன்.

"அப்பவே போட்டாச்சு சிஸ்டர். ஒம்போது பேரு கெட் வெல் சூன்னு போட்டாங்க. ஒருத்தன் கை தட்டுனான், எதுக்குன்னுதான் இன்னிக்கி வரைக்கும் தெரியல." அப்புறம் குரல் மாறிடுச்சு. "மச்சான், நீ வூட்டுக்குப் போ. வுழறவன் வுழட்டும். உன்னைத்தான் எடுத்துட்டானுங்கல்ல."

"வையுடா போனை"ன்னு இவரு கட் பண்ணிட்டாரு.

நான் ஒடனே முகிலனைக் கூப்பிட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். மழை வெள்ளிக்கிழமை காலைல நின்னுச்சு. வெள்ளி, சனி, ஞாயிறு. நாளைக்குத்தான் மூணாவது நாள். மத்தியானம் போட்டி வெச்சிருக்கிறது இதே பாறையில.

"அனு, இப்போ நீ அங்கதான இருக்க? வெடிப்புக்குள்ள கையை விட்டுப் பாரு."

ஏணி வெச்சிருந்துச்சு. ஏறி விட்டுப் பார்த்தேன். காஞ்சிருந்துச்சு. சுத்தமா, புழுதி ஒட்டுற அளவுக்கு.

"வீடியோ கால் வா." வந்தேன். பார்த்தான். "பக்காவா ட்ரையா இருக்கேப்பா. நாப்பது பேரு வர்றாங்க, மெத்தை பத்து இருக்கு. அவரு ஃபீலிங்ஸ் புரியுது, மீட் முடியட்டும், உக்காந்து பேசுவோம். மூணாவதையும் க்ளீன் பண்ணிட்டு கிளம்பு, இருட்டப் போவுது."

இதுதான் எனக்கு வயித்தெரிச்சல். இன்னைக்கு சனிக்கிழமை. இன்னைக்கு யாரு வந்து விரலை விட்டாலும் காஞ்சுதான் இருக்கும். நாளைக்கு மத்தியானம் ஊறும். அதை இன்னைக்கே காட்ட என்கிட்ட ஒண்ணும் கிடையாது, இர்ஃபானோட காலைத் தவிர.

போனை வெச்சுட்டு, "நீங்க ஒரு தடவை அவன்கிட்ட பேசுங்கண்ணா"ன்னேன்.

"மூணு தடவை பேசிட்டேன்"னாரு. அவ்ளோதான்.

அழிச்ச ரெண்டு பாறைக்கும் திரும்பப் போனோம், அவர் வண்டியில, ஏணியை நான் பிடிச்சுக்கிட்டு. எந்த இடம்னு எனக்கு அடையாளமே தெரியல, அவ்ளோ நல்லா தேய்ச்சிருக்கேன். தேய்க்கிறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருந்துச்சு, அதை வெச்சுக் கண்டுபிடிச்சோம். பிரஷ்ஷை என் கையில குடுத்து, "நீ அழிச்ச, நீயே வை"ன்னாரு. சிரிக்கல. எனக்காக ஆறுதலா ஒரு வார்த்தையும் சொல்லல. சொல்லியிருந்தா எனக்கு இன்னும் கேவலமா இருந்திருக்கும்.

கிளம்பும்போது, "இப்பல்லாம் ஏறுறீங்களாண்ணா?"ன்னு கேட்டேன்.

"கீழ அவன் நிக்கணுமேம்மா"ன்னாரு.

வர்ற வழியிலயே இதையெல்லாம் குரூப்ல எழுதினேன். நாலு நிமிஷத்துல டெலீட் ஆயிடுச்சு. அடுத்து முகிலன் போட்ட மெசேஜ்: "பெயிண்ட் மறுபடி வெச்சிருக்காங்க. காலைல ஆறு மணிக்கு பிரஷ்ஷோட ரெண்டு பேரு வாங்க." எட்டு பேரு நான் வர்றேன்னு கை தூக்கியிருக்காங்க. போன வாரம் நான் தூக்கின மாதிரியே.

அதனாலதான் இங்க போடுறேன். அந்த நாப்பது பேருல உங்க ஃப்ரெண்டு இருக்கலாம், தம்பி தங்கச்சி இருக்கலாம். இந்த மூணு பாறைக்கு மட்டும் நாளைல இருந்து புதன்கிழமை வரைக்கும் போகாதீங்க: திருநீர்மலை அம்ப்ரெல்லா, பம்மல் குவாரியில இருக்கிற மான்சூன் கேவ், மாடம்பாக்கம் ஏரிக்குப் பின்னாடி இருக்கிற பாறை. பொட்டு இருந்த இடமெல்லாம் போட்டோவுல வட்டம் போட்டு கீழ வெச்சிருக்கேன். நீங்க போற நேரத்துக்குப் பாறையில பொட்டு இல்லன்னா, ஊறாதுன்னு நெனைச்சுடாதீங்க, எங்க ஆளுங்க தேய்ச்சிருப்பாங்க. போயே தீரணும்னா மத்தியானம் போங்க, காலைல பார்த்தா இன்னும் காஞ்சிருந்து ஏமாத்திடும். மேல தொங்குறதுக்கு முன்னாடி, ஏணியில ஏறி, ஒரு விரலை உள்ள விட்டுப் பாருங்க.

மீதி அஞ்சு பாறைக்கும் தாராளமா போங்க, மழை கொட்டும்போதும் போங்க. ஜெயவேலு, இர்ஃபான்னு ரெண்டு பேரு கண்டுபிடிச்சதுன்னு சொல்லிட்டு ஏறுங்க. தாம்பரம் மார்க்கெட் பக்கம் போனா இர்ஃபான் கடையில ஒரு பேக் வாங்குங்க, ஜிப் நல்லா தைக்கிறாரு.

செங்கல்பட்டு வண்டி வந்துடுச்சு. லைக்கெல்லாம் வேணாம், ஹார்ட் சுத்தமா வேணாம். ஷேர் மட்டும் பண்ணுங்க. ஆறு மணிக்குள்ள.